பூஞ்சை ஆராய்ச்சிக்கு மகளை அனுப்பலாமா? தண்டையார்பேட்டைத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், பயிர்களைத் தாக்கும் பூஞ்சைகளை ஆராய விரும்புவதாகவும், அதை நம்பி மேற்படிப்புக்கு அனுப்பலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். தாராளமாக அனுப்புங்கள், ஆனால் முனைவர் பட்டம் வரை போனால்தான் பலன் தரும் துறை இது என்பதை இப்போதே மனத்தில் கொள்ளுங்கள்.

இந்தப் படிப்பின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு: வாழை வாடல் நோய்ப் பூஞ்சையின் பழைய இனமும், அதைத் தாங்கி நின்ற கேவண்டிஷ் என்ற வாழை வகையையும் அழிக்கும் டி.ஆர்.4 என்ற இனமும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும்; டி.என்.ஏ. பரிசோதனைதான் பிரித்துக் காட்டும். எந்த இனம் என்று தெரிந்தால்தான் அந்த நிலத்தில் அடுத்து எந்த ரகத்தை நடலாம் என்று விவசாயிக்குச் சொல்ல முடியும். உங்கள் பகுதிக்கு அருகிலுள்ள துறைமுகத்தில் வந்திறங்கும் விதைகளையும் மரங்களையும் நோய் உண்டா என்று சோதிக்கும் பணிக்கும் இந்த அறிவே அடிப்படை.

பூஞ்சையின் இனத்தைக் கண்டு பெயரிடுவதோடு இந்தப் படிப்பு நின்றுவிடுவதில்லை. நெல்லின் குலைநோய்ப் பூஞ்சையுடைய வித்து (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்) மூன்று அறைகள் கொண்டது, பேரிக்காய் வடிவம். அது இலையில் ஒட்டி முளைத்து, முனையில் கருநிறமி படிந்த ஒரு குமிழை உருவாக்கி, அதனுள் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 80 மடங்கு வரை அழுத்தம் ஏற்றி, இலைத்தோலைத் துளைத்து உள்ளே போகிறது. நிறமி இல்லாவிட்டால் அந்த அழுத்தம் ஏறாது. விவசாயிகள் தெளிக்கும் டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சைக்கொல்லி அந்த நிறமி உருவாவதைத் தடுத்தே பயிரைக் காக்கிறது. பூஞ்சையின் வாழ்க்கையை அறிந்தால் மருந்து எங்கே தாக்க வேண்டும் என்பது புலப்படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வேளாண் பல்கலைக்கழகத்தில் தாவர நோயியல் முதுநிலை படிக்க வேளாண்மை இளநிலைப் பட்டம் கேட்பார்கள். பலர் இதைக் காலம் கடந்தே அறிகிறார்கள். உங்கள் மகளுக்கு ஏற்றது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத் தாவரவியல் உயராய்வு மையம். டி.எஸ்.சதாசிவன், சி.வி.சுப்பிரமணியன் போன்ற பூஞ்சையியல் அறிஞர்கள் பணியாற்றிய இடம் அது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டி போகலாம் என்பதால் விடுதிச் செலவும் மிச்சம். முதுநிலைக்குப் பின் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால், 2023 முதல் நடப்பிலுள்ள விகிதப்படி மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. பிறகு கல்லூரி ஆசிரியப் பணி, ஆய்வு நிறுவனங்கள், விதை மற்றும் பயிர்மருந்து நிறுவனங்களின் ஆய்வகங்கள் என வாய்ப்புகள் உண்டு. எண்ணிக்கை குறைவுதான், போட்டி கடுமைதான்.

வித்துகளை நாள் முழுக்க அளந்து வரையும் பொறுமை அவருக்கு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதை அறிய, மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் இணைந்து தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும் என்பதால் அதை இந்த மாதமே கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.