பொள்ளாச்சி–வால்பாறை சாலையில் நான் வண்டியை நிறுத்தும் இடங்கள்

"மலைச்சாலைப் பயணத்தில் உங்களுக்குப் பிடித்த நிறுத்தங்கள் எவை?" என்பது கேள்வி. எனக்குத் தெரிந்து சொல்லக்கூடியது ஒரே ஒரு சாலைதான்: பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை வரை, ஏறத்தாழ 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள்.

அம்மா பிறந்து வளர்ந்தது அந்த மலையில், ஒரு எஸ்டேட் லைன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில். தாத்தா ரிட்டையர் ஆனதும் வீட்டைக் காலி செய்துகொண்டு எல்லோரும் பொள்ளாச்சிக்கு இறங்கிவிட்டார்கள். வருடத்துக்கு இரண்டு தடவையாவது அம்மாவை மேலே கூட்டிப் போகிறேன். அப்படிப் போய்ப் போய்ப் பழகிய நிறுத்தங்கள் இவை.

முதலில் ஆழியாறு. அணைக்குப் பக்கத்துக் கடைகளில் மசாலா தடவிய மீனைச் சுடச்சுடப் பொரித்துத் தருவார்கள். ஆனால் ஏறும்போது சாப்பிடாதீர்கள், அடுத்து வரும் வளைவுகள் வயிற்றைப் புரட்டிவிடும். இறங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தாண்டினால் குரங்கு அருவி, கவியருவி என்றும் எழுதுகிறார்கள். விடுமுறை நாளில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. நான் நிறுத்துவதில்லை.

நான் நிதானமாக நிற்பது ஒன்பதாவது வளைவில். லோம்ஸ் வியூ என்பார்கள், இந்தச் சாலையை அமைத்த லோம் என்ற பொறியாளரின் பெயர். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் தகடு போல விரிந்து கிடக்கும். அதற்கப்பால் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகள், கண்ணுக்கு எட்டிய வரை. பெரும்பாலானவர்கள் தடுப்புச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தண்ணீரைப் பார்த்தது போதும், திரும்பி நின்று மேலே பாறையைப் பாருங்கள். என்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பேசாமல் இருங்கள். பாறையின் நிறத்திலேயே ஏதோ அசையும். வரையாடு.

தமிழ்நாட்டின் மாநில விலங்கு அது. 2024 கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதற்கும் சேர்த்து 1,031 வரையாடுகள்தான் இருந்தன. ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரும் கூட்டம்கூட அதைவிடப் பெரிது. அவற்றில் சில இந்த வளைவில் சாலையோரம் வரை இறங்கி வந்து புல் மேய்கின்றன. ஒரு மார்கழிக் காலையில் தாயும் குட்டியும் சுவரின் மேல் நடந்து, அந்தப் பக்கம் செங்குத்தாக விழும் பாறையில் படிக்கட்டில் இறங்குவது போல இறங்கிப் போனதைப் பார்த்தேன். குட்டி ஒரு கணம் தயங்கியது, தாய் திரும்பிப் பார்த்து நின்றது. அன்று யாரோ பிஸ்கட் பாக்கெட்டை நீட்ட, அம்மா சத்தம் போட்டுவிட்டார். அம்மா கோபப்பட்டது சரிதான். ஆள் கையிலிருந்து தின்னப் பழகிய விலங்கு வண்டிச் சக்கரத்துக்கும் பயப்படாது.

அட்டகட்டிக்கு மேலே காடே வேறு. கீழே பார்த்த முள்ளும் புதரும் போய், ஈரம் சொட்டும் சோலை வந்துவிடும். ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்குங்கள். காற்றில் பச்சிலை வாசம் மாறுவதை வைத்தே எந்த உயரத்தில் இருக்கிறோம் என்று அம்மா சொல்லிவிடுவார். கவர்க்கல்லில் பெரும்பாலும் மூடுபனி இருக்கும். அங்கே நிறுத்த வேண்டாம், விளக்கைப் போட்டு மெதுவாகத் தாண்டுங்கள்.

வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். சோலைமந்திக்காக இங்கே நிறுத்துவேன். சிங்கவால் குரங்கு என்றால் பலருக்குத் தெரியும்: கருத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மர உச்சியிலேயே வாழ்ந்துவிடக்கூடிய பிராணி. தேயிலைக்காகக் காட்டைத் துண்டு துண்டாக வெட்டியதில், ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போகத் தரையில் இறங்கித் தார்ச்சாலையைக் கடக்க வேண்டியதாகிவிட்டது. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் தொங்கு பாலங்களைப் பாருங்கள், அவை இவற்றுக்காகத்தான். ஒரு தடவை பன்னிரண்டு மந்திகள் வரிசையாக அதில் போய் முடியும் வரை எங்களுக்குப் பின்னால் வந்த பஸ்ஸும் ஹாரன் அடிக்காமல் நின்றது. அந்த டிரைவருக்கு இன்றும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

வால்பாறை ஊருக்குள் சாப்பிட மட்டும் இறங்குவோம். அதைத் தாண்டி நல்லமுடி பூஞ்சோலைக் காட்சிமுனை இருக்கிறது. தேயிலைக்குள் கொஞ்சம் நடக்க வேண்டும். பள்ளத்தாக்குக்கு அப்பால் ஆனைமுடிப் பக்கத்து மலைகள் தெரியும். காலை வெளிச்சத்தில் கீழே யானைக் கூட்டம் தெரிந்தாலும் தெரியும். கூழாங்கல் ஆற்றில் கால் நனைப்பதோடு சரி. தெளிந்த தண்ணீர் ஆழத்தை மறைக்கும், அந்த ஆறுகளில் பல உயிர்கள் போயிருக்கின்றன.

போகும் முன் சில விஷயங்கள். இப்போது வால்பாறைக்கும் இ-பாஸ் வேண்டும். ஆழியாறு சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. இறங்கும்போது இரண்டாவது கியரை விடாதீர்கள், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை கொட்டும். எஸ்டேட் பகுதியில் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம், மேலே போகாதீர்கள். அந்த விளக்கை உள்ளூர்க்காரர்களே செல்போனில் அழைத்து எரியவைக்கிறார்கள்.

கடைசி நிறுத்தம் எந்த வரைபடத்திலும் இல்லை. ஒரு எஸ்டேட் பஸ் ஸ்டாப், தகரக் கூரை, ஒரு சிமெண்ட் பெஞ்சு. விடியுமுன் கொழுந்து பறிக்கப் போகும் அம்மாச்சி, பள்ளிக்கூட பஸ் வரும் வரை அம்மாவை அந்தப் பெஞ்சில்தான் உட்கார வைத்துவிட்டுப் போவாராம். அங்கிருந்து பார்த்தால் சரிவில் அவர்கள் இருந்த லைன் வீடு தெரியும். போன தடவை அம்மா முதன்முறையாக அங்கே இறங்கிப் போனார். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இப்போது அதில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் அரைகுறை, அம்மாவுக்கு இந்தி தெரியாது. பால் இல்லாத டீயை இரண்டு டம்ளரில் ஊற்றி வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து இருவரும் குடித்தார்கள். நான் மேலே சாலையில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா கொல்லைப் பக்கம் கை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தார்.