மஞ்சள் தாளில் சிவப்புக் கோடு

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. லீவு விட்டதிலிருந்து செல்போனே கதி என்று கிடக்கிறாள். வீட்டில் இருப்பதை வைத்தே அறிவியல் கலந்த கைவேலை ஏதாவது சொல்லுங்களேன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அஞ்சறைப் பெட்டியைத் திறங்கள். ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து, வெள்ளைத் தாளில் மெல்லிசாகப் பூசி நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் குளியல் சோப்பைக் கரைத்த தண்ணீரில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து அவளையே வரையச் சொல்லுங்கள். கோடு போட்ட இடமெல்லாம் செங்கல் நிறத்தில் சிவந்து வரும்போது அவள் கண் விரிவதைப் பார்க்கவே இதைச் செய்யலாம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சோப்பில் இருக்கிற காரம் (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான ‘ஆல்கலி’) பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். அதே கோட்டில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்தால் அமிலம் காரத்தை முறித்து, மறுபடி மஞ்சளாகிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே சங்கதிதான், அதையும் அவளிடம் சொல்லுங்கள். ஆனால் சுண்ணாம்பை மட்டும் குழந்தை கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. பாடி வாஷ் சரிப்படாது, அதில் பெரும்பாலும் காரம் இருக்காது. சோப்புக் கட்டியே போதும். பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள், மஞ்சள் கறை லேசில் போகாது.