ஒருவர் வெளியேறினால் இன்னொருவர் இணைப்பும் அறுகிறதே!

கேள்வி: லினக்ஸில் சி மொழியில் சின்னதாக ஒரு சாட் சர்வர் எழுதினேன், ஆளுக்கு ஒரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் இழை). இரண்டு பேர் என்றால் ஒழுங்காக ஓடுகிறது. பத்துப் பேர் ஒன்றாக வந்தால் ஒருவருக்கு வரவேற்புச் செய்தி இரண்டு முறை போகிறது, இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை. யாரோ வெளியேறினால் சம்பந்தமே இல்லாதவரின் இணைப்பு அறுகிறது. நடுவில் பிரின்ட்எஃப் (திரையில் எழுதும் கட்டளை) போட்டால் பிழையே காணோம்!
- கடைசி வருட மாணவர்

பதில்: பிரின்ட்எஃப் போட்டதும் ஒளிந்துகொள்கிறதே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. அது கொஞ்சம் நேரம் எடுக்கும், தனக்குள் ஒரு பூட்டும் வைத்திருக்கும். அதனால் த்ரெட்டுகள் முண்டியடிக்கும் வரிசை மாறிவிடும். அதாவது இது ரேஸ் கண்டிஷன்: எந்த த்ரெட் முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

அனுப்பியிருந்த நிரலைப் பார்த்தேன். புது இணைப்பை ஏற்கும் அக்செப்ட், அந்த இணைப்புக்குத் தரும் எண்ணை ஒரே மாறியில் வாங்கி, & போட்டு அதன் முகவரியைப் புது த்ரெட்டுக்குக் கொடுக்கிறீர்கள். த்ரெட் கிளம்பி அங்கே எட்டிப் பார்ப்பதற்குள் மெயின் லூப் அடுத்த ஆளை உள்ளே விட்டு, 5 இருந்த இடத்தில் 6 எழுதிவிடுகிறது. இரண்டு த்ரெட்டும் 6ஐப் பிடித்துக்கொள்ள, 5க்கு நாதியில்லை. (நானும் இதில் இரண்டு ராத்திரி தொலைத்தவன்தான்.) ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக மேலாக் செய்து (நினைவகத்தில் இடம் வாங்கி), அதில் எண்ணை வைத்துக் கொடுங்கள், த்ரெட் படித்ததும் ஃப்ரீ செய்யட்டும்.

அறுகிற கதையும் இதன் வால்தான். 6ஐ இரண்டு த்ரெட்டும் க்ளோஸ் செய்கின்றன. இரண்டாவது க்ளோஸுக்கு 9ஆம் எண் பிழை, அதாவது 'பேட் ஃபைல் டிஸ்கிரிப்டர்' (இது செல்லாத எண்), வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வராவிட்டால்தான் வினை. காலியாக இருப்பதிலேயே சின்ன எண்ணைத்தான் லினக்ஸ் அடுத்தவருக்குத் தரும், அதனால் அந்தச் சந்தில் நுழைந்தவருக்கு அதே 6 கிடைத்திருக்கும், நீங்கள் மூடுவது அவருடைய இணைப்பை. க்ளோஸ் திருப்பித் தரும் மதிப்பை நிரலில் எங்கேயுமே பார்க்கவில்லை நீங்கள், பாருங்கள்.

கண்ணால் தேடாமல் ஜிசிசி கம்பைலரில் த்ரெட் சானிடைசரை (த்ரெட் மோதல்களைப் பிடிக்கும் கருவி) போட்டு ஓட்டுங்கள். வேகம் 5 முதல் 15 மடங்கு வரை குறையும், ஆனால் எந்த வரியும் எந்த வரியும் மோதுகின்றன என்று காட்டிவிடும்.

அப்புறம், இணைந்தவர்களின் பட்டியலுக்கான பூட்டை, அதாவது மியூடெக்ஸை, பிடித்தபடியே எல்லாருக்கும் சென்ட் செய்கிறீர்கள். ஒரே ஒருவர் படிக்காமல் இருந்து அவருடைய பஃபர் (அவருக்கான செய்திகள் காத்திருக்கும் இடம்) நிறைந்தால் மொத்த சர்வரும் அங்கேயே நின்றுவிடும். பட்டியலைப் பிரதி எடுத்துக்கொண்டு பூட்டை விடலாம் என்று தோன்றும். ஆனால் அனுப்புவதற்குள் யாராவது வெளியேறினால் மறுபடி அந்தப் பழைய 6 கதைதான். ஆளுக்கொரு செய்தி வரிசை வைத்துவிடுங்கள்.