வேலை முடிந்து வந்தால் ஜெபிக்கத் தெம்பே இல்லை. தினமும் ஜெபத்துக்கு முதலிடம் கொடுப்பது எப்படி?

ஈரோட்டில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி இதைக் கேட்டிருக்கிறார். இரவு 9.30க்கு வீடு வந்து, சமைத்துச் சாப்பிட்டு ஜெபிக்க உட்கார்ந்தால் கண் சொருகிவிடுகிறதாம். ஆண்டவரை ஏமாற்றுகிற மாதிரி மனசு குத்துகிறது என்று எழுதியிருக்கிறார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், 17 வருஷமாக. அந்தக் குத்தல் எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தூங்கிப்போனதற்காக ஆண்டவர் உங்களை வெறுக்க மாட்டார். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் சீஷர்கள் தூங்கினபோது "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்று அவர்கள் நிலைமையைப் புரிந்துதான் பேசினார். அதனால் அழுதுகொண்டு படுக்காதீர்கள். நேரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

எங்கள் கம்பெனியில் காலை 8.30க்கு உட்கார்ந்து ராத்திரி 8.30க்கு எழுந்தால் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருங்கினால் அதற்கு மேலும் போகும். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் ராத்திரியில்தான் ஜெபம் வைத்திருந்தேன். வேலை, சமையல், துணி, பிள்ளைகள் எல்லாம் போக மிச்சமிருப்பது ஆண்டவருக்கு. அந்த மிச்சம் ஒரு நாள் பத்து நிமிஷம், ஒரு நாள் இரண்டு, பல நாள் ஒன்றுமே இல்லை. இப்படியே நாலு வருஷம் போனது.

என் அப்பாவுக்குக் கோபிப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர். 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாய வேண்டிய வாய்க்கால் அது. ஒரு போகத்துக்கு ஒற்றைப்படை மதகு, அடுத்ததற்கு இரட்டைப்படை மதகு என்று மாற்றி மாற்றித் திறப்பார்கள். அதற்குள்ளும் ஒவ்வொரு காட்டுக்கும், அதாவது வயலுக்கும், இத்தனை மணி நேரம் என்று முறை உண்டு. எங்கள் முறை ராத்திரி 2 மணிக்கு வந்தால் அப்பா 1.30க்கே டார்ச்சும் மம்பட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். காய்ச்சலென்றாலும் போவார். "தூங்கி எந்திரிச்சுப் போய்க்கலாமுங்களே" என்று ஒரு தடவை கேட்டேன். "மொறை போச்சுன்னா தண்ணி அடுத்த காட்டுக்குப் போயிருங் கண்ணு" என்றார்.

நேரம் கிடைத்தால் தண்ணி கட்டலாம் என்று அப்பா இருந்திருந்தால் எங்கள் காடு காய்ந்திருக்கும். ஜெபத்தை நான் அப்படித்தானே வைத்திருக்கிறேன் என்று ஒருநாள் மெஷினில் தைத்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. அன்றைக்கே அதற்கு ஒரு முறை வைத்தேன். விடிகாலை 4.45 முதல் 5.05 வரை. இருபதே நிமிஷம்.

மாற்கு முதல் அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். முந்தின நாள் ஓய்வுநாள். சூரியன் அஸ்தமித்ததும் பட்டணம் முழுவதும் வாசலில் கூடிவிட்டது, நோயாளிகளைச் சுமந்துகொண்டு. இயேசுவுக்கு அது எவ்வளவு களைப்பான ராத்திரி! ஆனாலும் அடுத்த வசனங்களில் "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபம்பண்ணினார் என்று இருக்கிறது. சீமோன் தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போகலாம் வாருங்கள் என்கிறார். அன்றைக்கு எங்கே போக வேண்டும் என்பது அவருக்கு அந்த இருட்டிலேயே தெளிவாகியிருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். எனக்கும் காலையில் ஜெபித்துவிட்டுப் போகிற நாளில் சூப்பர்வைசர் சத்தம் போட்டால் பதிலுக்கு வாய் வராது.

எங்களுடையது லைன் வீடு, ஒரே அறையும் சமையல்கட்டும்தான். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு என்ற வசனத்துக்கு, சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு கோணிச்சாக்கை மடித்துப் போட்டு உட்காருவதுதான் என் வழி. ராத்திரி 10 மணிக்கே போனை அலமாரியில் வைத்துவிடுவேன். படுக்கையில் கையில் இருந்தால் 11 ஆகிவிடும், அப்புறம் அலாரம் அடித்தும் பிரயோஜனமில்லை. முகம் கழுவிவிட்டு ஒரு சங்கீதத்தை உதடசைத்துப் படிப்பேன். ஒரு நாளைக்கு ஒன்று, ஐந்து மாசத்தில் 150ம் முடியும், மறுபடியும் முதலிலிருந்து. வார்த்தையே வராத நாளில் பரமண்டல ஜெபத்தை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். 2020 ஊரடங்கில் கம்பெனி மூடிக் கிடந்தபோது "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற வரியைத் தாண்டிப் போக முடியாமல் அங்கேயே இருந்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் பெயர்கள்தான் இருக்கும். பக்கத்து டேபிள் அக்காவின் மகள் பரீட்சை, மேல் வீட்டு ஒடிசா பையனின் அம்மாவுக்கு ஆபரேஷன், இப்படி. நடந்து முடிந்ததைப் பென்சிலால் அடித்துவிட்டு ஸ்தோத்திரம் சொல்வேன். நோட்டு இல்லாவிட்டால் என் ஜெபம் என் கடனையும் என் முதுகு வலியையும் சுற்றியே நின்றுவிடும்.

முறை தவறும் நாளும் உண்டு. குழாயில் தண்ணீர் வரும் நாளில் 4 மணிக்கே குடத்தோடு நிற்க வேண்டும். அன்றைக்குத் தண்ணீர் பிடித்த பிறகு ஜெபம். உங்களுக்குத் திங்கள் ராத்திரி ஜவுளிச் சந்தை வேலை வந்தால் செவ்வாய்க்கிழமைக்கு வேறு நேரம் வையுங்கள். ஆனால் எந்த நேரம் என்பதை முன்னாடியே முடிவு பண்ணிவிடுங்கள்.

என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் பக்கத்துத் திண்ணையில் முழங்கால் போடாமல் பால் பீச்சப் போக மாட்டார். சொசைட்டி வண்டி வந்து ஹாரன் அடித்தாலும் ஆமென் சொன்ன பிறகுதான் சொம்பைத் தொடுவார். தாத்தா இறந்த மறுநாள் காலையிலும் அதே திண்ணையில் அதே இடத்தில் இருந்தார். தானியேலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாயி ஞாபகம்தான் வரும். ஜெபித்தால் சிங்கக் கெபி என்று ராஜா கட்டளை போட்டது தெரிந்தும், "தான் முன் செய்துவந்தபடியே" மூன்று வேளையும் முழங்கால் போட்டான் என்று எழுதியிருக்கிறது. ஆபத்து வந்த அன்றைக்குப் புதிதாக அவன் எதையும் ஆரம்பிக்கவில்லை.

நாளைக்கே இருபது நிமிஷம் வேண்டாம் சகோதரி, ஐந்து நிமிஷத்தில் ஆரம்பியுங்கள். நீங்கள் பெயர் போடவில்லை. "ஈரோட்டு ஜவுளிக்கடைத் தங்கச்சி, காலையில் எழ பெலன்" என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.