சிவப்பு பிளஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,
மகள் சொந்தமாக கிளினிக் திறக்கிறாள். போர்டில் சிவப்பு பிளஸ் போடக் கூடாது என்று நண்பர் தடுக்கிறார். ஊரில் பாதி மருந்துக்கடைகளில் இருக்கிறதே? தவிர, அது கிறித்தவச் சின்னம்தானே?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகளுக்கு என் வாழ்த்துகள். நண்பர் சொன்னது சரி. மத்திய அரசின் அனுமதியில்லாமல் வெள்ளைத் தரையில் செஞ்சிலுவை போடுவதை ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம், 1960, 12ஆம் பிரிவு தடுக்கிறது. சில நாடுகள் சிலுவைக்குப் பதில் போடும் செம்பிறைக்கும் அதே தடைதான். அபராதம் 500 ரூபாய் வரைதான், அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஊரே போடுகிறது என்பதெல்லாம் ஒரு வாதமா? ஊர் ஹெல்மெட்டும்தான் போடுவதில்லை.

மதக் கேள்வியை விடுங்கள். சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களை இடம் மாற்றியது அது. 1906 ஜெனீவா ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

எனக்கு உறுத்துவது நீங்கள் எழுதிய 'பிளஸ்' என்ற சொல். 'காயம்பட்டவனைத் தூக்குகிறவனைச் சுடாதே' என்று சொல்ல 1864இல் பிறந்த குறி அது. நம் தேசியக் கொடிக்கு 3:2 என்று அளவு உண்டு, சக்கரத்துக்கு 24 ஆரம் உண்டு. சிலுவைக்கோ கை எத்தனை நீளம், என்ன சிவப்பு என்று ஒப்பந்தம் எதையும் வரையறுக்கவில்லை. நம் சட்டம்தான் கைகள் சமநீளம் என்கிறது. ஒப்பந்தம் வேண்டுமென்றே விட்டுவைத்தது. அளவு வைத்தால், 'ஒரு கை அரை விரற்கடை குட்டையாக இருந்தது, அதனால் சுட்டேன்' என்பான் ஒருவன். கிழிந்த வேட்டியில் சிவப்பு மையைத் தடவிக் கட்டினாலும் அதே பாதுகாப்பு கிடைக்க வேண்டும்.

போரில் பாதுகாப்புக்காகப் போடுவது முடிந்தவரை பெரிதாக, எழுத்தே இல்லாமல், வானிலிருந்தும் தெரிய வேண்டும். செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்தவர் என்று காட்ட மட்டும் போடுவது சிறிதாக, சங்கத்தின் பெயரோடு இருக்கும். அதைக் கூரையிலோ கைப்பட்டையிலோ போடக் கூடாது. இரண்டும் குழம்பினால் சுடுகிறவனுக்குச் சாக்கு. சாக்கே தேடாதவர்களும் உண்டு; 2009 பிப்ரவரித் தொடக்கத்தில், இலங்கைப் போரின்போது, புதுக்குடியிருப்பு மருத்துவமனைமேல் குண்டுகள் விழுந்ததைச் செஞ்சிலுவைச் சங்கமே அறிவித்தது. அந்தக் குறிக்கு இருக்கிற கொஞ்ச மரியாதையையும் மருந்துக்கடையில் தேய்க்கிறோம்.

மகளின் போர்டுக்குப் பச்சைத் தரையில் வெள்ளைச் சிலுவை போதும், முதலுதவிக்கு உலகெங்கும் அதுதான். பாம்புதான் பிடிக்குமென்றால் கோலில் ஒற்றைப் பாம்பு. சிறகும் இரட்டைப் பாம்புமாக இருப்பது கிரேக்கத் தெய்வம் ஹெர்மெஸின் கோல். அவர் வணிகர்களின் தெய்வம், பில் போடும் இடத்துக்கு வேண்டுமானால் பொருந்தும்.

ஏற்கெனவே எழுதியாகிவிட்டதா? பிளெக்ஸ் என்றால் புதிதாக அடித்துவிடுங்கள். தகரப் போர்டு என்றால் சிவப்பின்மேல் நேரடியாகப் பச்சை பூசாதீர்கள், கொஞ்ச நாளில் எட்டிப்பார்க்கும். தேய்த்து, பிரைமர் ஒரு கோட் அடித்து, காய்ந்தபின் பூசச் சொல்லுங்கள்.