பெற்றோர் ஆசிரியர் கழகத் தேர்தலில் தகராறு வந்தால் என்ன செய்வது?

தேர்தல் தகராறு என்றால் "அவர் ஏன் ஜெயித்தார்" என்பதல்ல, நடத்திய முறை சரியா என்பதுதான். முன்னறிவிப்பு எல்லோருக்கும் போனதா? வாக்காளர் பட்டியலில் இப்போது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்தான் இருந்தார்களா? (பிள்ளை பள்ளியை முடித்துப் போனாலும் நாற்காலியை விடாதவர்கள் உண்டு.)

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலத்தை எல்லோர் காதிலும் விழக் கூவுவார்கள். அப்புறம் விலையைக் கிளற முடியாது. வாக்கையும் அப்படியே எல்லோர் முன்னாலும் எண்ணி, கூட்டப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். அதன் பிறகும் குறை இருந்தால் கழக விதிகளின் நகலோடு தலைமையாசிரியரிடம், தீராவிட்டால் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கத்துவது புகார் ஆகாது.

பலர் குழப்பிக்கொள்வது: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 'உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள்' கணக்கு அந்தச் சட்டப்படி அமைக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு உரியது, இந்தக் கழகத்துக்கு அல்ல.