கேள்வி பதில்: மாணவர் சேவைத் திட்டத்துக்குப் பணம் எங்கே, கணக்கு எப்படி?

பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் ஆகஸ்ட் நடுவில் பள்ளி திறக்கிறது. அதற்குள் திட்டத்தை எழுதி முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் மாணவர்கள், பெற்றோர், சங்கத்துப் பெரியவர்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: நாங்கள் சேன்-ஆந்திரேயில் லிசே (மேல்நிலைப் பள்ளி) படிக்கும் 12 பேர். 2025-இல் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சிக்குன்குன்யா. வயதானவர்கள் தனியாக இருக்கும் முற்றங்களில் கொசு வளரும் இடங்களைச் சுத்தம் செய்து கொடுக்கலாம் என்று இருக்கிறோம். 1,500 யூரோ வேண்டும். யாரிடம் கேட்பது?

கடிதத்தில் தொகை இருக்கிறது. எத்தனை வீடு என்பது இல்லை. பணம் கொடுப்பவர் கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுதான்.

பணத்தைச் சற்று ஒதுக்கி வையுங்கள். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை தெருவில் இறங்கி, யார் வீட்டுக்கு உதவி தேவை, யார் வேண்டாம் என்கிறார்கள் என்று கேட்டு வாருங்கள். சிலர் உறுதியாக வேண்டாம் என்பார்கள், அது அவர்கள் உரிமை. நீங்கள் போய்க் கேட்காமல் 'மக்களுக்குத் தேவை' என்று எழுதினால் நகராட்சியில் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். சுகாதார நிறுவனமான ஆ.எர்.எஸ்-இன் கொசு ஒழிப்புப் பிரிவுக்கும் முன்கூட்டியே எழுதுங்கள். அவர்கள் ஆட்கள் அதே தெருவுக்கு வருவதாக இருந்தால் நீங்கள் பக்கத்துத் தெருவை எடுத்துக்கொள்ளலாம்.

60 வீடு ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். மூன்று பேர் கொண்ட நான்கு குழு: ஒருவர் வீட்டாரோடு பேச, ஒருவர் தேட, ஒருவர் எழுத. வீட்டுக்கு 20 முதல் 25 நிமிடம் ஆகும். இரண்டரை மணி நேரத்தில் ஒரு குழு 6 வீடு பார்க்கும், நான்கு குழுவும் சேர்ந்து 24. ஆக 60 வீட்டுக்கு மூன்று காலை வேண்டும். அதோடு முடித்துவிடுபவர்கள் அதிகம். இரண்டு வாரம் கழித்து அதே வீடுகளுக்கு இன்னொரு மூன்று காலை போகாவிட்டால் நீங்கள் செய்தது நிலைத்ததா என்று உங்களுக்கே தெரியாது. திட்டத்தில் பாதி அந்த இரண்டாம் சுற்றுதான்.

சிக்குன்குன்யாவைப் பரப்பும் புலிக்கொசு முட்டையை நீரில் இடுவதைவிட, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கவே விரும்பும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் கவிழ்த்து வைத்தால் போதாது, பிரஷ் போட்டு உள்சுவரைத் தேய்க்க வேண்டும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை என்று எல்லோரும் சொல்வது அந்தக் கணக்கில்தான். கொட்டும் தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள், சாக்கடையில் வேண்டாம். பூந்தொட்டித் தட்டு, டயர், நாய்க்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணம், பழைய பொம்மை ஆகியவற்றோடு, நம் ஆட்கள் கண்ணுக்குத் தப்பும் இன்னொன்று: பூசை முடிந்து மூலையில் குவிந்திருக்கும் தேங்காய்ச் சிரட்டை. மழை பெய்தால் ஒவ்வொன்றும் ஒரு தொட்டி.

தட்டுகளை எடுத்துவிட மனமில்லாதவர்களுக்கு ஈரமணல் நிரப்பிக் கொடுக்கலாம். 25 செ.மீ. அகலம், 3 செ.மீ. ஆழமுள்ள தட்டில் தொட்டி போக மிஞ்சும் இடத்துக்குச் சுமார் ஒரு கிலோ மணல் பிடிக்கும். சிந்துவதும் போக 25 கிலோ மூட்டை 20 தட்டுக்கு வரும். வீட்டுக்கு 5 தட்டு என்றால் 300 தட்டு, 15 மூட்டை, 375 கிலோ! அதைத் தூக்கிப்போக வண்டி யாருடையது? இதை எழுதாத விண்ணப்பங்கள்தான் கடைசி வாரத்தில் சிக்கலில் மாட்டும். கடற்கரை மணலை அள்ளப் போகாதீர்கள், அது சட்டப்படி தடை.

இனி செலவு. மணல் 15 மூட்டை. தண்ணீர் பீப்பாய்களை மூட 1 மி.மீ. கண்ணுள்ள வலை 20 சதுர மீட்டரும் அதைக் கட்ட எலாஸ்டிக்கும்; கையுறை 15 ஜோடி; பிரஷ் 8, வாளி 8, டார்ச் 4; கொசு விரட்டி 6 குப்பி; முதலுதவிப் பெட்டி; குடிதண்ணீர்; பிரெஞ்சிலும் தீவின் பேச்சுமொழியான கிரெயோலிலும் 150 துண்டுத்தாள்; வண்டிக்கு எரிபொருள். நம் மதிப்பில் இது 600 யூரோவுக்குள் அடங்கும். இரண்டு கடைகளில் எழுத்து மூலம் விலை வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். டி-ஷர்ட் அச்சிடும் எண்ணம் இருந்தால் எடுத்துவிடுங்கள். 1,500-இல் பாதி அதற்குத்தானோ என்று சந்தேகம்.

பூச்சிமருந்து உங்கள் வேலை இல்லை. ஏணியில் ஏறிக் கூரைத் தகரக் கால்வாயைச் சுத்தம் செய்வதும் உங்கள் வேலை இல்லை. பாட்டி எவ்வளவு கேட்டாலும் மறுத்துவிட்டு, குறித்துக்கொண்டு பெரியவர்களிடம் சொல்லுங்கள். கூப்பிடும் தூரத்தில் இரண்டு குழுவுக்கு ஒரு பெரியவராவது இருக்கட்டும். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தது என்று எழுதிவைக்காதீர்கள். உடல்நலத் தகவலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வீட்டு எண்ணும் பாத்திர எண்ணிக்கையும் போதும்.

யாரிடம் கேட்பது என்பதற்கு இப்போது வருவோம். லிசேயில் ஃபோன் து வி லிசேயேன் என்ற மாணவர் வாழ்வு நிதி உண்டு. அதன் செலவு பற்றிக் கருத்துச் சொல்வது மாணவர் பிரதிநிதிகள் அமரும் சே.வே.எல். குழு; அங்கே 10 பேர் மாணவர்கள். முதல் கதவு அதுதான். அடுத்தது மேசோன் தே லிசேயேன், மாணவர்களே நடத்தும் பள்ளிச் சங்கம். 600 யூரோ இந்த இரண்டிலேயே கிடைக்க வாய்ப்புண்டு. நகராட்சிக்குப் போவது அதற்குப் பிறகு.

கேள்வி: எங்களிடம் பதிவு செய்த சங்கம் இல்லை. பணத்தை அப்பாவின் கணக்கில் வாங்கலாமா? (லெ போர்)

வேண்டவே வேண்டாம்.

12 முதல் 17 வயதுக்காரர்களுக்கு ஜூனியர் அசோசியேஷன் என்றொரு வழி இருக்கிறது. இரண்டு பேர் இருந்தால் போதும். தேசிய அமைப்பு அங்கீகாரம் கொடுத்தால் காப்பீடும், வங்கிக் கணக்கு திறக்கும் வழியும் கூடவே வரும். இன்னொன்று 1901 சட்டப்படியான சாதாரண சங்கம். அதற்கும் குறைந்தது இருவர்தான். இணையத்தில் அறிவிக்கலாம், அரசிதழில் வெளியிட 2020 ஜனவரி முதல் கட்டணம் இல்லை. 16 வயது நிரம்பியவர் நிர்வாகத்தில் இருக்கலாம், பெற்றோருக்குத் தகவல் போகும். அதற்குக் கீழே என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் முன்பே வேண்டும். அரசு உதவிக்கு சிரே என்ற பதிவு எண் கேட்பார்கள். அதுவும் இலவசம், ஆனால் வர வாரங்கள் ஆகும். சங்கம் பதிவான அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

அவசரமென்றால் ஏற்கனவே இருக்கும் ஒரு சங்கம் உங்கள் திட்டத்தைத் தன் பெயரில் ஏற்று நடத்தலாம். ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்: பணம் எதற்கு, ரசீது யாரிடம், மிச்சம் யாருக்கு. வாய் வார்த்தையில் விட்டால் பொருளாளர் மாறும்போது பிரச்சினை வரும்.

கேள்வி: மூன்றாம் ஆண்டு பல்கலைக்கழக மாணவன். எங்களுக்குத் தனியாக ஏதாவது உண்டா? (சேன்-தெனி)

உண்டு, அதற்கு நீங்களே பணம் கட்டியும் இருக்கிறீர்கள். சேர்க்கைக்கு முன் கட்டும் சே.வே.ஏ.சே. (2025-26-இல் 105 யூரோ, உதவித்தொகை பெறுவோருக்கு இல்லை) என்ற தொகையில் ஒரு பகுதி எஃப்.எஸ்.டி.ஐ.ஏ. என்ற மாணவர் முன்முயற்சி நிதிக்குப் போகிறது. அதைப் பிரித்துக் கொடுக்கும் குழு எப்போதும் கூடுவதில்லை. கூடும் தேதியைப் பல்கலைக்கழக மாணவர் வாழ்வு அலுவலகத்தில் முதலில் கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி உங்கள் நாட்காட்டியைப் போடுங்கள். மாணவர் நலச் சேவை நிறுவனமான க்ரூஸ் நடத்தும் கூல்துர்-அக்சியோன் நிதியையும் பாருங்கள், அங்கே சமூக ஒற்றுமை, குடிமைத் திட்டங்களுக்கும் இடமுண்டு.

கேள்வி: அரசு உதவி கேட்கும் 12156 படிவத்தில் வரவும் செலவும் சமமாக வரவே மாட்டேன் என்கிறது. 86, 87 என்றால் என்ன? (சங்கப் பொருளாளர், சேன்-பியேர்)

இடதுபக்கம் செலவு, வலதுபக்கம் வரவு; இரண்டும் ஒரே எண்ணில் முடிய வேண்டும். நீங்கள் கேட்கும் உதவித்தொகையும் வரவில்தான் வரும். அதை எழுதாமல் விட்டுவிட்டுத்தான் பலருக்குக் கணக்கு இடிக்கிறது.

86-உம் 87-உம் காசில்லாமல் வரும் உதவிக்கு. முதல் கேள்வியின் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 பேர், காலைக்கு 3 மணி நேரம், 6 காலை: 216 மணி. 2025-இன் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.88 யூரோ வீதம் 2,566 யூரோ. இதை 86-இல் செலவாகவும், 87-இல் அதே தொகையை வரவாகவும் எழுதுங்கள். பணம் கைமாறுவதில்லை. ஆனால் 600 யூரோ கேட்பவர் 2,500 யூரோவுக்கு மேல் உழைப்பைப் போடுகிறார் என்பது தெரியும். அந்தத் தொகையை மேலே உள்ள உண்மைச் செலவோடு கலந்துவிட்டால் மொத்தமும் குழம்பும்.

இன்னும் இரண்டு. முடிவு வருமுன் வாங்கிய பொருளுக்குப் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள். முடிவு வந்த பிறகும் பணம் கணக்குக்கு வரத் தாமதமாகும். அதுவரை மணல் கடைக்கு யார் கொடுப்பது என்பதை முன்பே பேசிவையுங்கள்.

கேள்வி: எங்கள் கோயில் சங்கம் பிள்ளைகளின் திட்டத்துக்கு இடமும் பணமும் தர முன்வருகிறது. நகராட்சியிடமும் கேட்டால் தவறா?

தவறில்லை, கோடு எங்கே என்று தெரிந்தால் போதும். 1905 சட்டப்படி அரசுப் பணம் வழிபாட்டுக்குப் போகக்கூடாது. தெருவில் எல்லா வீட்டுக்கும் போகும் கொசு ஒழிப்பு வழிபாடு இல்லை. அதன் தொடக்கத்தில் நடக்கும் பூசையின் செலவும் அன்னதானமும் அந்தக் கணக்கில் வரக்கூடாது, அவை கோயிலின் சொந்தக் கணக்கில் இருக்கட்டும். வீடுகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் தமிழர் வீடு என்று பார்க்காதீர்கள், கொசுவும் பார்ப்பதில்லை.

நன்கொடைக்கு வரி ரசீது கொடுக்கலாமா என்றும் இதே கடிதத்தில் இருக்கிறது. பொது நலச் சங்கம் என்றால் தனியாருக்கு 66 விழுக்காடு, நிறுவனத்துக்கு 60 விழுக்காடு வரிக்குறைப்பு. உறுப்பினர் குடும்பங்களுக்கு மட்டும் வேலை செய்யும் சங்கம் அந்த வகையில் வராது. தகுதி இல்லாமல் ரசீது கிழித்துக் கொடுத்தால் அபராதம் விழும். வருமான வரியே கட்டாதவருக்கு இந்த ரசீதால் ஒரு பைசாப் பயன் கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள், பிறகு வருத்தப்படுவார்கள்.

கேள்வி: சமோசா விற்கலாமா? குலுக்கல் சீட்டு?

சமோசா விற்கலாம். ஆதரவுக்காக நடத்தும் நிகழ்ச்சிகளில் வருடத்துக்கு ஆறுவரை வணிக வரி இல்லை. பொது இடத்தில் மேசை போட நகராட்சி அனுமதி வேண்டும். குலுக்கலுக்கு நகராட்சித் தலைவரின் அனுமதி தேவை. சீட்டு அச்சிடும் முன் கேளுங்கள். தெருவில் உண்டியல் குலுக்குவதற்கும் அப்படியே.

கேள்வி: ஆசிரியர் இதை 'சேவை வழிக் கல்வி' என்கிறார். தெருவைச் சுத்தம் செய்வதில் என்ன கல்வி?

எண்ணினால் கல்வி. முதல் சுற்றில் 60 வீட்டில் 21-இல் கொசுப்புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 35 விழுக்காடு. புழு இருந்த பாத்திரங்கள் 48 என்றால் 100 வீட்டுக்கு 80, அது பிரெத்தோ குறியீடு. இரண்டாம் சுற்றில் இரண்டையும் மறுபடி கணக்கிடுங்கள். வீட்டுக் குறியீடு இறங்கி பிரெத்தோ இறங்காவிட்டால், சில வீடுகளில் மட்டும் பாத்திரங்கள் குவிந்திருக்கின்றன என்று பொருள். ஏன் என்று அங்கே போய்க் கேளுங்கள். உயிரியல், கணக்கு ஆசிரியர்கள் இருவரும் தொடக்கத்திலேயே சேர்ந்தால் இது பாடமாகும். கடைசியில் கூப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டால் அது விழா. (படத்தில் சிறுவர்கள் இருந்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.)

கேள்வி: புயல் வந்தால்?

நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல்வரை வரத்தான் செய்யும். ஆரஞ்சு எச்சரிக்கையில் பள்ளி மூடப்படும், சிவப்பில் யாரும் வெளியே போகக்கூடாது. அதனால் முதல் சுற்றை அக்டோபர் விடுமுறை முடிந்ததும், இரண்டாவதை நவம்பரிலும் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு காலைக்கும் ஒரு மாற்றுத் தேதியை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். புயலுக்குப் பின் தேங்கிய தண்ணீரில் மூன்றாம் சுற்று ஒன்று நடத்த முடிந்தால் நல்லது. ஆனால் கம்பி அறுந்து கிடக்கும் தெருவில், நகராட்சி சொல்லும்வரை பிள்ளைகளை இறக்காதீர்கள்.

கேள்வி: திட்டம் முடிந்தது, 140 யூரோ மிச்சம். பிள்ளைகளை ஒரு நாள் சிலாவோசுக்குக் கூட்டிப்போகலாமா?

கொடுத்தவர் ஒப்புக்கொண்டால் போகலாம். எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் திருப்பிக் கொடுங்கள். அரசு உதவி என்றால் கணக்காண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் 15059 படிவத்தில் செலவறிக்கை போயாக வேண்டும், மிச்சம் அதில் தெரியும். மணல் கடை ரசீதின் எழுத்து மங்கும் முன் நகலெடுத்து வையுங்கள்.